உறைமண் சுவருக்குள் நான் தண்ணீர் விட்டது குறித்து

என் பெயர் புனிதா, தகப்பனார் பெயர் இராமசாமி, வயது முப்பத்தொன்பது, ஈப்போ சிலிபினில் குடியிருக்கிறேன், தொழில் கட்டுமானப் பொறியாளர். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினாலும் இதையேதான் சொல்வேன்.

கோப்பெங் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்தில், ஈயம் தோண்டிப் பின் தூர்ந்துபோன குட்டையின் மேல், நிலத்தடித் தொட்டிக்காகக் குழி தோண்டினார்கள். அங்கே மண் கஞ்சியாக இருக்கும். ஆகவே சுற்றிலும் குழாய்களை இறக்கி, அவற்றில் கடுங்குளிரான உப்புநீரை ஓடவிட்டு, மண்ணையே உறையவைத்துச் சுவராக நிறுத்தும்படி வரைந்து கொடுத்தவள் நான். கான்கிரீட் போட்டு முடியும்வரை குளிரூட்டும் இயந்திரம் நிற்கவே கூடாது. நின்றால் அலறும் மணி ஒன்று கேட்டேன். வீண்செலவு என்று கம்பெனி மறுத்துவிட்டது. குழியை ஒட்டியே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம், அதில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன.

தீபாவளி விடுமுறைக்கு முன்தினம் நான் தஞ்சோங் மாலிமில் இருந்தேன். மழை இருட்டவே, மேலாளர் கீத், இயந்திரம் பார்க்கும் பாஸ்கலுக்குப் போன் செய்து, "அண்ணே, மழை வருதுலா, மெஷினைத் துத்துப் பண்ணிருங்க" என்றார். கித்தான் போட்டு மூடத்தான் சொன்னதாகக் கீத்தே பிறகு ஒப்புக்கொண்டார். எங்கள் பேச்சில் சட்டியை மூடுவதும் துத்துப், விளக்கை அணைப்பதும் துத்துப். பாஸ்கல் இயந்திரத்தை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதன் பிறகு, விடுமுறை கழித்து நான் வந்து பார்த்தபோது, இயந்திரம் சத்தமில்லாமல் கிடந்தது, சுவர் இளகி அடியில் சேறு கசிந்தது. லயத்திலிருந்து இருளாயி அக்கா ஓடிவந்து, "ஏ தங்கச்சி, அடுப்படி வாயப் பொளந்திருச்சு, வந்து பாரு!" என்றார். குழியில் ஆள் இல்லை, புது மண்வாரி இயந்திரம் மட்டும் நின்றது. குழிக்குள் தண்ணீர் விடப்போகிறேன் என்று நான் சொன்னதும், கீத் போனில், "அத மேல ஏத்தாம தண்ணி விட்றாதீங்கக்கா, பாஸ் கொன்னுருவாரு" என்றார். "கொல்லட்டும்லா" என்று சொல்லிவிட்டு, குழித்தண்ணீரை இறைக்கும் பம்புகளைத் திருப்பி வைத்து, பக்கத்துக் குட்டையின் தண்ணீரைக் குழிக்குள் விட்டேன். உள்ளே தண்ணீர் நின்றால் வெளிமண்ணுக்கு அது முட்டுக்கொடுக்கும். மண்வாரி முழுகியது. லயம் நின்றது.

அதன் பிறகு, பாஸ்கல் வேண்டுமென்றே நிறுத்தினார் என்றும், நான் சொத்துக்குச் சேதம் செய்தேன் என்றும் கம்பெனி புகார் கொடுத்தது. பாஸ்கல் இப்போது லாக்கப்பில் இருக்கிறார். அவருக்கு எதிராக நான் சாட்சி சொன்னால் என்னை விட்டுவிடுவார்களாம். ச்சீ! ஒரு சொல்லை இரண்டு விதமாகப் புரிந்துகொள்வது குற்றமென்றால், ஈப்போவில் பாதிப் பேரை உள்ளே போட வேண்டும்.

இந்த வாக்குமூலத்தைப் போலீஸ் அதிகாரி எழுதிப் படித்துக் காட்டியபோது, "செய்ததற்கு வருந்துகிறேன்" என்று ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. அதை அடித்துவிட்டு, "மறுபடியும் செய்வேன்" என்று எழுதச் சொன்னேன், அதிகாரி எழுதினார். மற்றவை யாவும் நான் சொன்னபடியே உள்ளன, உண்மை.

(ஒப்பம்) இரா. புனிதா