சுனந்தா குறிச்சுக் கொடுத்த நாள்

இப்படி ஜன்னலோரம் வாம்மா. இந்தப் பையை மட்டும் மடியில வெச்சுக்கோ. சாய்ச்சிடாதே, உள்ளே கேசரி. ஃபோன்ல தமிழ் பேசினியே, அதான் கூப்பிட்டேன். மகர்பட்டாவுல வேலையா? வந்து ஒரு மாசம்தானா? அதான் மூஞ்சி வாடிக் கெடக்கு. பழகிடும் கண்ணு.

நான் பாணேர் போறேன். எம்பொண்ணு காவ்யாவுக்குக் கல்யாணம் பேசி முடிக்க. பையன் மராட்டிக்காரன். ஆமா, லவ்தான், வேறென்ன! நல்லபடியா முடியணுமேன்னு காலையிலேருந்து வேண்டிக்கிட்டே இருக்கேன். பையனோட அம்மாவா? அவ பேரு சுனந்தா. அவளை ஏழு வயசுலேருந்து தெரியுமே. இதே ஊர்ல, கோர்படியில எங்க எதிர்வீடு.

அதைக் கேளேன். அப்பாவுக்கு இங்க ஃபாக்டரியில வேலை கெடைச்சு வேலூர்லேருந்து வந்தோம். நெறைஞ்ச அமாவாசை, நல்ல நாளுன்னு அன்னிக்கே பால் காய்ச்சினாங்க. அதோட விட்டாரா எங்கப்பா? பூசணிக்காய்ல குங்குமத்தைக் கொட்டி, மேல கற்பூரம் ஏத்தி, சுத்திச் சுத்தி வாசல்ல போட்டு உடைச்சார். செவசெவன்னு தெறிச்சுது. இந்த ஊர்ல அமாவாசையில நல்ல காரியமே தொட மாட்டாங்கன்னு எங்களுக்கு யார் சொன்னா? அந்த வரிசையில ஒரு வீடு பாக்கியில்லாம கதவைச் சாத்திட்டாங்க. சூனியம் வைக்க வந்த குடும்பமாம்!

சிரிக்கிறியா? அப்போ நான் அழுதேன்மா. சுனந்தாதான் எனக்கு அமாவாசைன்னே பேர் வெச்சா. பவுனுன்னு என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு புள்ளையில்ல. அப்புறம் எங்கம்மா சுட்ட தோசைக்கு மொத ஆளா தட்டோட வந்து நின்னதும் அவதான், அதை விடு.

இப்போ என்னடான்னா, எனக்கே அமாவாசைன்னா பயம். அன்னிக்கு ஒரு கரண்டிகூட வாங்க மாட்டேன். ஊர்லேருந்து எங்கண்ணன் கலியன் கேலி பண்றான், நீ முழு மராட்டிச்சி ஆயிட்டேன்னு. ஆயிட்டா என்ன தப்பு? இத்தனை வருஷமா இந்த ஊர்த் தண்ணியைக் குடிக்கிறேன்.

அதான், பேசி முடிக்கிற நாளை நீயே குறின்னு சுனந்தாகிட்ட விட்டுட்டேன். அவங்க வழக்கப்படியே ஆகட்டும், எதுக்கு வம்புன்னு.

அய்யோ, அடுத்தது என் ஸ்டாப். பையைக் குடு.

என்ன நாள் குறிச்சாளா? அதை ஏன் கேக்கறே! உனக்கு நல்ல நாளுன்னா எம்புள்ளைக்கும் நல்ல நாள்தான், அமாவாசையிலேயே வா பவுனுன்னுட்டா.

ஆமாம்மா, இன்னிக்குத்தான் அமாவாசை. அவ சிரிச்சுகிட்டே சொல்லிட்டா, எனக்குல்ல பயமா இருக்கு!