ஒற்றைக் கை ராணி

ஞாயிற்றுக்கிழமை மதியம் பரவை குடோனில் இருந்தவர்கள்: நான், ஜெயபாண்டி, ராம்கி அண்ணன். ஒரு பூனையும் இருந்தது. எலிக்காக முதலாளி வளர்ப்பது. வேண்டுமென்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.

எல்லாவற்றையும் தான் ஒருவனே செய்ததாக ஜெயபாண்டி சொல்கிறான் என்றீர்கள். அவன் எப்போதும் அப்படித்தான். கூட இருந்தவனை மறந்துவிடுவான். அதனால் நான் சொல்கிறேன்.

எனக்கு அந்த வெங்காய குடோனில் ராத்திரி ஷிஃப்ட். லாரி வந்தால் எடை பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இன்ஜினியரிங்கை மூன்றாம் வருஷத்தில் விட்டவனுக்கு இது போதும். ஜெயபாண்டி என் வகுப்புதான். அவன் படித்து முடித்தான். திருநகரில் வீடு, திவ்யா என்று மனைவி, தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை. போன வருஷம் 'கந்தகக் கோட்டை' என்று ஒரு குறுநாவல் எழுதி, தானே முந்நூறு பிரதி அச்சடித்தான். மந்திரம், பறக்கும் யாளி, போரில் இடது கையை இழக்கும் ராணி. வீட்டில் இடமில்லை என்று புத்தகக் கட்டுகளை எங்கள் குடோனில் அடுக்கினோம். எந்தப் பிரதியைத் திறந்தாலும் வெங்காய வாசனை வரும்.

அச்சுக்குப் போவதற்கு முன்னால் இரண்டே பேருக்கு ப்ரூஃப் கொடுத்தான். ஒன்று, பக்கம் வடிவமைத்த ராம்கி அண்ணனுக்கு. கே.கே. நகரில் சின்னதாக டி.டி.பி. கடை வைத்திருந்தார். இன்னொன்று எனக்கு. கொடுக்கும்போது, "நீ எங்க மாப்ள படிக்கப் போற. சும்மா வச்சுக்க" என்றான்.

அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு மாதத்தில் பதினாலு பிரதி போனது. அதில் பத்து, அவனோடு வேலை பார்க்கும் வாத்தியார்கள் வாங்கியது. இணையத்தில் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்துப் பார்ப்பான், வைப்பான். உதவலாம் என்று நினைத்தேன். ஃபேஸ்புக்கில் ஒரு வாசகர் குழுவில் 'வைகை வாசகன்' என்று கணக்குத் திறந்து விமர்சனம் எழுதினேன். பாராட்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே திட்டினேன். "மூன்றாம் அத்தியாயத்தில் கை போன ராணி, ஒன்பதாம் அத்தியாயத்தில் இரண்டு கையாலும் வில் வளைக்கிறாள். கை எப்போது முளைத்தது? என்ன உரம் போட்டார்கள்?"

நானூறு பேர் சிரித்தார்கள்.

மறுநாள் ஜெயபாண்டி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டான். அச்சான புத்தகத்தில் ராணி வில்லைத் தொடவே இல்லை. ஒற்றைக் கையால் ஈட்டி எறிகிறாள். ராம்கி அண்ணன் ப்ரூஃபிலேயே பிழையைக் கண்டுபிடித்துச் சொல்ல, அவன் திருத்தியிருக்கிறான். எனக்கு அது தெரியாது. நான் ப்ரூஃபை மட்டும் படித்தவன். சிரித்த நானூறு பேர் அதையும் படிக்கவில்லை.

எழுதியதைத் திரும்ப வாங்கலாமா என்று யோசித்தேன். விமர்சகன் பின்வாங்கினால் மதிப்பிருக்காது. 'ரோகிணி எம்.' என்று இன்னொரு கணக்குத் திறந்தேன். அவள் மரியாதையாகப் பேசுவாள். "ஆசிரியர் அவசரமாக மாற்றி அடித்த பக்கம் இது. தாளின் நிறத்தைப் பாருங்கள்" என்று எழுதினாள். எல்லோரும் தாளின் நிறத்தைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நான் எழுத வேண்டிய தேவையே இல்லை. ராணிக்கு ஒட்டுக் கை வைத்து மீம் போட்டார்கள். அவன் வகுப்பில் பிள்ளைகள் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வருகை சொன்னார்களாம். அவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். திவ்யா எனக்கு போன் செய்தாள்.

"அண்ணே, சோறே எறங்கல அவருக்கு. அம்புட்டுக் கமெண்டையும் நோட்டுல எழுதி வச்சிருக்காரு. நீங்க சொன்னா கேப்பாரு."

சொல்கிறேன் என்றேன். அந்த வாரம் ரோகிணி எம். இன்னொரு விமர்சனம் எழுதினாள்.

ஒரு நாள் அவனே குடோனுக்கு வந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"மாப்ள, அந்தத் தப்பு ப்ரூஃப்ல மட்டுந்தான் இருந்துச்சு. எழுதுனவன் ப்ரூஃப் படிச்சவன்."

நான் காத்திருந்தேன்.

"ராம்கிதான். தப்பக் கண்டுபிடிச்சதே அந்தாளுதானே. வேற எவனுக்குத் தெரியும்?"

"என்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சே" என்றேன்.

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவன் சிரித்தான். "நீ அதுல வெங்காயத்தக் கொட்டி வச்சிருப்ப."

இதைக் குறித்துக்கொள்ளுங்கள் சார். நான் மறைக்கவில்லை. ஒரு தடவை சொன்னேன்.

கையில் கிடைத்தால் உயிரோடு விடமாட்டேன் என்றான். கோபத்தில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இவன் சொன்னால் செய்பவன். முந்நூறு பக்க நோட்டில் கமெண்ட் எழுதி வைத்தவன். "நேர்ல பேசித் தீத்துக்க. ஞாயித்துக்கெழம மத்தியானம் இங்க ஆள் இருக்காது. நான் அவர வரச் சொல்றேன்" என்றேன்.

ராம்கி அண்ணனிடம், ஜெயபாண்டி இரண்டாம் பதிப்பு போட நினைக்கிறான் என்று போனில் சொன்னேன்.

"பதினாலு வித்ததுக்கா? அடப் பாவிகளா" என்று சிரித்தார். பிறகு, "சரி, வாரேன். பய நொந்துபோய்க் கெடக்கான். நேர்ல பாத்து ரெண்டு வார்த்த சொல்லணும்" என்றார்.

டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்தார். புது அட்டைக்கு என்று ஒரு படம் வைத்திருந்தார். யாரும் கேட்காமலே வரைந்தது. ராணி நன்றாக இருந்தாள். விமர்சனம் எழுதியது அவரில்லை என்பதை அவரே சொல்லியிருப்பார், சொல்ல விட்டிருந்தால்.

ஜெயபாண்டி உள்ளே புத்தகக் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தான். கையில் மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கி. கட்டுப் பிரிக்க எடுத்திருப்பான் என்று நினைத்ததாக முதலில் உங்களிடம் சொன்னேன். அப்படி நினைக்கவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். புத்தகம் மோசம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. மூன்று தடவை படித்தேன். நல்ல புத்தகம். படித்தேன் என்று அவனிடம் சொல்ல ஒரு சரியான நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அமையவில்லை.

ராம்கி அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"என்னப்பா இம்புட்டு இருட்டா இருக்கு?"

"சுவிட்ச் உள்ள இருக்குண்ணே. போங்க" என்றேன்.

படத்தைக் கசங்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனார். ஒரு புத்தகத்தைப் பற்றி இரண்டு பேர் பேசும்போது யாரும் குறுக்கே வரக்கூடாது. அதற்காகத்தான் கதவை இழுத்துச் சாத்தி, வெளியே பூட்டினேன்.