பாய் கேஸ்கட் சுரண்டும் விதம்

பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுக்கிற வேலைக்கு அவசரக்காரன் லாயக்கில்லை, சார். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. படகு விபத்தைப் பற்றிய உங்கள் ரிப்போர்ட்டில் அபுபக்கர் பாயை அஜாக்கிரதையான மெக்கானிக் என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது தவறு. அதைத் திருத்தத்தான் பஸ் ஏறி வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

படகு எஞ்சினின் மூடியான ஹெட்டுக்கும் உடம்பான பிளாக்குக்கும் நடுவே கசிவு இல்லாமல் அடைத்துக்கொண்டிருப்பது கேஸ்கட். வருஷக்கணக்கில் வெந்து, கருகி, அலுமினியத்தோடு ஒட்டிப்போயிருக்கும். துளி மிஞ்சினாலும் புதியது சரியாக உட்காராது. ஆத்திரப்பட்டு உளியை வைத்து நெம்பினால் கீறல் விழும், பிறகு அந்தக் கீறல் வழியாகவே கசியும். பாய் தின்னரில் நனைத்த துணியை மேலே போட்டு ஊறவிட்டு, நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு வருவார். முனை மழுக்கிய ரம்பத் துண்டைப் படுக்கப் பிடித்து, தோசை திருப்புகிற மாதிரி அடியில் கொடுப்பார். பட்டை பட்டையாக உரிந்து வரும். பார்க்க ஆசையாக இருக்கும்.

சுரண்டுவதற்கு முன்னால், தூள் உள்ளே விழக்கூடாதென்று எஞ்சினுக்குள் போகிற ஓட்டைகளையெல்லாம் தன் பழைய கைலியைக் கிழித்த துணியால் அடைப்பார். அடைக்கும்போது எண்ணுவார், எடுக்கும்போதும் எண்ணுவார். கணக்குச் சரியாக வராமல் ஹெட்டை மூடவே மாட்டார். அப்படிப்பட்டவர் துணியை உள்ளே மறந்துவிட்டார் என்றால் நான் எப்படி ஒத்துக்கொள்வேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவன் நான். பச்சை இலை விலை விழுந்து, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் ஜனங்கள் இலையைச் செடியிலேயே முற்றவிட்ட காலம் அது. ரோலர் நின்றது, டிரையர் நின்றது, கடைசியில் கேட்டில் பூட்டுத் தொங்கியது. நான் வீட்டில் உட்கார்ந்தேன். என் மனைவி அம்சவேணி நான் உட்கார்ந்திருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் கூட்டிவிட்டுப் போவாள். அதற்கு வாய்விட்டுத் திட்டியிருக்கலாம்.

அப்போது பாய்தான் என்னைத் தேடி வந்தார். எங்கள் ஃபேக்டரி மோட்டார்களுக்கு ரிப்பேர் பார்க்க வந்து பழக்கமானவர். காந்தலில் குடியிருந்தார். தேயிலையை நம்பிப் பிரயோஜனமில்லை என்று எஸ்டேட்காரர்கள் சிலர் தங்கள் பழைய அணையில் டூரிஸ்ட்டுகளுக்கு மோட்டார் படகு விட்டிருந்தார்கள். பாய் அங்கே மெக்கானிக்.

"லிங்கு, ஊட்டுல சும்மா கெடக்காதீங்க. எங்கூட வாங்க. மேனேஜர்கிட்ட நான் பேசறேன்" என்றார்.

பேசினார், வேலையும் கிடைத்தது. அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு.

ஐப்பசி மழையில் டூரிஸ்ட்டுகள் குறைந்தார்கள். மேனேஜர் கீர்த்திவாசன் எங்களைக் கூப்பிட்டு, இனிமேல் ஒரு மெக்கானிக் போதும் என்று சொல்லிவிட்டார். யார் என்று சொல்லவில்லை. பாய் தலையைச் சொறிந்துகொண்டு சும்மா நின்றார். அன்றிலிருந்து நான் பாயைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

கவனித்தால் எல்லாம் தெரியும், சார். மேனேஜர் அறையில் இரண்டு பேரும் காதோடு காதாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். லீவு போட்டுவிட்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறிப் போவார். என்ன விசேஷம் என்று கேட்டால் மழுப்புவார். பெருநாள் எதுவும் இல்லாத நாளில் அவர் சம்சாரம் சைனம்பு என் பெண்களுக்குப் பிரியாணி கொடுத்தனுப்புவார். எதற்கு. வயிற்றில் அடிக்கப் போகிறவர்கள்தான் முதலில் வயிற்றை நிரப்புவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

எல்லாவற்றையும்விட இது. ஒருநாள் கார்புரேட்டரை என் பக்கம் தள்ளி, "நீங்களே கழட்டுங்க லிங்கு. நான் பாத்துட்டு நிக்கறேன்" என்றார்.

"ஏனுங்க பாய், எப்பவும் நீங்கதானுங்களே பண்ணுவீங்க?"

"பழகிக்கங்க. நான் எப்பவும் பக்கத்துலயே இருப்பனா?"

என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் எங்கே தப்புப் பண்ணுகிறேன் என்று பார்த்து மேலே போய்ச் சொல்வதற்குத்தான். வேறு எதற்கு ஒருவன் அப்படிக் கண்கொத்திப் பாம்பாக நிற்பான். கடைசி கடைசியாகத் தன் ரம்பத் துண்டையும் என் கையில் கொடுத்து, வைத்துக்கொள்ளச் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பெரிய படகின் எஞ்சினைப் பிரித்தோம். பாய் வழக்கம்போலத் துணி அடைத்து, சுரண்டி, பாதியில் ஜும்ஆ தொழுகைக்குப் போனார். மீதியை நான் சுரண்டினேன். சுத்தமாகவே சுரண்டினேன், அதில் சந்தேகம் வேண்டாம். பிறகு அவருடைய கைலியில் இன்னொரு துண்டு கிழித்து, எஞ்சினைக் குளிரவைக்கிற தண்ணீர்ப் பாதைக்குள் ஸ்க்ரூ டிரைவரால் ஆழமாகத் தள்ளினேன். அவர் அடைத்தவற்றைத் தொடவில்லை. பாய் திரும்பி வந்து எண்ணி எடுத்தார். கணக்குச் சரியாக இருந்தது. பிஸ்மி சொல்லி ஹெட்டை மூடினார்.

அந்த எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடுகிறதென்று காட்டப் பின்னால் தண்ணீர் பீச்சும். நான் அடைத்தது அந்தத் தண்ணீர் பிரிகிற இடத்தையும் தாண்டி. ஆகவே தண்ணீர் ஒழுங்காகப் பீச்சும், எஞ்சினும் கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடும். பிறகு சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பாய் பிரித்த எஞ்சின் நடு அணையில் நின்றுபோய், மேனேஜர் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

பிரித்த எஞ்சினை, ஆள் ஏற்றுவதற்கு முன்னால், பிரித்தவரே தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். இது பாய் வைத்த சட்டம். "நம்ம கைமேல நமக்கே நம்பிக்கை இல்லீன்னா, அடுத்தவங்க புள்ளைய எப்படி ஏத்தறது?" என்பார். சனிக்கிழமை காலையில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அவரே கிளம்பினார். அணை நிரம்பி, அந்தக் கோடியில் கலிங்கு வழியாகத் தண்ணீர் வழிந்து பாறையில் விழுந்துகொண்டிருந்தது. பாய் எப்போதும் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் படகைத் திருப்புவார். எஞ்சினும் ஏறக்குறைய அங்கேதான் நின்றது.

துடுப்பைப் பற்றி நீங்கள் யாரையும் கேட்கவில்லை. ஆகவே நானே சொல்கிறேன். எஞ்சின் நின்றால் தள்ளிக்கொண்டு வர ஒவ்வொரு படகிலும் துடுப்பு கிடக்கும். அதற்குப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. முந்தின நாள் சாயங்காலமே எடுத்து ஷெட்டில் வைத்துவிட்டேன். மழைக்காலத்தில் பெயிண்ட் காயாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

படகு மெல்லத் திரும்பி, பக்கவாட்டில் கலிங்கை நோக்கி நகர்ந்தது. பாய் குனிந்து எதையோ தேடினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். ஏதோ கத்தினார், மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு படகு கரையில் கட்டித்தான் இருந்தது. ஆனால் ஈரத்தில் கயிற்று முடிச்சு இறுகிப்போயிருந்தது, நானும் அவசரப்படவில்லை.

கலிங்குக்குக் கீழே பாறையில் கிடந்த எஞ்சினைத் திறந்து அந்தத் துணியை எடுத்து இது யாருடையது என்று கேட்டீர்கள். பாயின் கைலி என்றேன். நான் உங்களிடம் பொய் சொல்லவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். என் பங்குக்கு மண்ணும் தள்ளினேன். சைனம்பு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார், என் பெண்கள் சாப்பிட்டார்களா என்று அந்த நிலையிலும் கேட்டனுப்பினார். எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே அழுதேன்.

வெளியே வந்தபோது மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஒரு மெக்கானிக் போதும் என்ற மறுநாளே பாய் அவரிடம் போய்த் தானே நின்றுகொள்வதாகச் சொன்னாராம். மேட்டுப்பாளையத்தில் மச்சானுடைய பட்டறையில் இடம் பேசிவிட்டாராம். "லிங்குவ வெச்சுக்குங்க சார். ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குது. இருக்கற வேலையெல்லாம் அவருக்குப் பழக்கிவிட்டுட்டுப் போறேன்" என்றாராம். முதலிலேயே தெரிந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று, கிளம்புகிற அன்றைக்குத் தானே சொல்லிக்கொள்வதாக மேனேஜர் வாயையும் கட்டிவிட்டாராம். சனிக்கிழமைதான் அவருக்குக் கடைசி நாளாம்.

பார்த்தீர்களா, சார். இவ்வளவு பெரிய விஷயத்தை என்னிடம் மூச்சுவிடவில்லை. நானும் எத்தனை நாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்நேரம் மேட்டுப்பாளையத்தில் உயிரோடு இருந்திருப்பார். வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் செத்ததற்குக் காரணம் அவரே. கூட இருக்கிறவனிடம் மனுஷன் எதையும் மறைக்கக் கூடாது.