கொடைக்குப் போகாதிருக்கக் கொடுத்த கலர் டிவி

விழாவுக்குத் தலைமையேற்று, வெயிலையும் என்னையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒப்பந்தக்காரர் அண்ணன் நடேசன் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் மண்ணூர்ப் பெரியோர்களே! பிள்ளைகளை மடியிலும் பொறுமையை மனத்திலும் சுமந்திருக்கும் தாய்மார்களே! தெற்குச் சீமையிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து, ஒரே அறையில் ஒரே பாயை ஷிப்டு போட்டுப் பகிர்ந்து படுக்கும் என் தம்பிமார்களே! உங்கள் வீடுகளுக்குக் கேபிள் இழுத்து, உங்கள் வாயில் வசவும் வாங்கும் கோதண்டராமனின் சுதந்திர தின வணக்கம்.

‘ஆகஸ்ட் பதினைந்தும் தொலைக்காட்சியும்’ என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் ஒரு தம்பி, படம் எப்போது என்று கேட்கிறார். ஆறு மணிக்கு ஐயா, ஆறு மணிக்கு! அதுவரை வரலாற்றைக் கொஞ்சம் வாழ விடுங்கள்.

எழுபத்தைந்தாம் ஆண்டு இதே நாளில்தான் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் பிறந்தது. எண்பத்திரண்டில் இதே நாளில்தான் தில்லியின் விடுதலை நாள் விழா வீட்டுக்குள் வண்ணத்தில் வந்தது. மண்ணூருக்கு வந்ததா? வந்தது, எப்படி வந்தது? ஊரில் இருந்த ஒற்றைக் கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன்னால் என் மாமா ஒரு கலர் பிளாஸ்டிக் தகட்டை மாட்டி, வண்ணத் தொலைக்காட்சி வந்துவிட்டது என்று வசூல் வேட்டை நடத்தினார். அணிவகுப்பில் வந்தவர்களெல்லாம் தலையில் நீலம், இடுப்பில் செம்மை, காலில் பச்சை! அதைக் கண்டு கைதட்டியது இந்த ஊர். காட்டுவதை நம்புவதில் நம்மை மிஞ்ச ஆளே கிடையாது.

சிரிக்கிறீர்கள். போன வருடம் இதே நாளில் நடந்ததற்கும் சிரிப்பீர்களா?

‘உழைக்கும் கைகள்’ என்று ஒரு சுதந்திர தின நிகழ்ச்சி. ஒரு ஆலைக்குள் வந்து படம் பிடித்தார்கள். அங்கே உற்பத்தி லைனில் நின்றவர் தம்பி பேச்சிராஜ், இதோ தூணோரம் நிற்கிறார். இரண்டு வருடமாக ஊர் முகம் பார்க்காதவர். என் கடைக்குப் பக்கத்து பூத்திலிருந்து அம்மாவுக்கு போன் போட்டு, டிவியில் வருகிறேன், பார் என்று சொன்னார். அந்தத் தாய் ஊரையே திரட்டிக்கொண்டு பஞ்சாயத்து டிவி முன்னால் உட்கார்ந்தார்.

வந்ததா முகம்? வந்தது ஹெல்மெட்! வந்தது கண்ணாடி! வந்தது மூக்கை மூடிய துணி! வரிசையாக நின்ற அத்தனை பேரும் ஒரே அச்சு. பெற்றவள் யாரைப் பிள்ளை என்பாள்? அந்த நேரம் பார்த்து, அதே வரிசையில் நின்ற பென்னலூர் ஸ்ரீதர் கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினார். வேறு யார் எனக்குக் கை ஆட்டப்போகிறார்கள் என்று நினைத்தாள் அந்தத் தாய். ஸ்ரீதரின் ஒல்லி உடம்பைப் பார்த்து அழுதாள். மறுபடி போன் வந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். பூத்துக்காரர் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்.

“எய்யா, இப்படி மெலிஞ்சு போயிட்டியே, சோறு திங்கியா இல்லியா?”

அது நானில்லை என்று சொல்ல பேச்சிராஜுக்கு மனம் வரவில்லை. “திங்கேம்மா” என்றார். அவ்வளவுதான். ஸ்ரீதர், தலையைக் குனியாதே தம்பி, உன்மேல் தப்பில்லை. ஆனால் ஒரு வருடமாக அந்தத் தாய் உன் உடம்புக்காகத்தான் சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள்!

வருகிற செவ்வாய்க்கிழமை இந்தத் தெற்குச் சீமைத் தம்பிமார்கள் ஊரில் அம்மன் கோயில் திருவிழா, அவர்கள் பேச்சில் அம்மன் கொடை. லீவு கேட்டார்கள். எத்தனை முறை கேட்டார்கள்! சூப்பர்வைசரைக் கேள் என்றார்கள், ஒப்பந்தக்காரரைக் கேள் என்றார்கள், அடுத்த மாதம் கேள் என்றார்கள். கடைசியில் அண்ணன் நடேசன் லீவுக்குப் பதிலாக, மேடையில் இருக்கும் இந்தக் கலர் டிவியைக் கொடுத்தார். கொடையை இதிலேயே பாருங்கள் என்றும் வாழ்த்தினார். அண்ணே, வயிறு எரிகிறது, கேட்கிறேன். எந்த சேனலில் அண்ணே இவர்கள் ஊர்க் கொடை வருகிறது? எந்த சேனலில் பேச்சிராஜின் அம்மா வருகிறார்? ஊரெல்லாம் கேபிள் இழுத்தவன் நான், எனக்கே தெரியவில்லையே!

இதோ, என் கையில் இருப்பதுதான் இந்தப் பெட்டிக்கான ஒயர். இதைச் சொருகினால் படம் தெரியும். சொருக மாட்டேன்! இந்தப் பிள்ளைகளுக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்கிறவரை சொருக மாட்டேன். சத்தம் போடாதீர்கள். மணி ஆறு ஆகப்போகிறது, எனக்கும் தெரியும். உங்களுக்குப் படம் வேண்டுமா, ஊர் வேண்டுமா?

கேட்டீர்களா அண்ணே? ஊர் என்கிறார்கள். படத்துக்காகக் காலையிலிருந்து தவம் கிடந்தவர்கள் ஊர் என்கிறார்கள். தாய்மார்களும் உங்களைத்தான் பார்க்கிறார்கள்.

பொறுங்கள், தலைவர் என் காதில் ஏதோ சொல்கிறார். இதை மைக்கிலேயே சொல்லிவிடுங்கள் அண்ணே.

“நாலு நாளு போய்ட்டு வரட்டும்பா. என் வூட்டம்மா மொறைக்கிது, நீ மொதல்ல ஒயர சொருவு.”

ஊரறியச் சொல்லிவிட்டார்! வாழ்க அண்ணன், வாழ்க அண்ணியார். பேச்சிராஜ், ராத்திரி பஸ்ஸைப் பிடி. அந்த ஹெல்மெட்டை இங்கேயே வைத்துவிட்டுப் போ, உன் அம்மா முகத்தைப் பார்க்கட்டும். செவிமடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, ஒயரைச் சொருகி விடைபெறுகிறேன். வணக்கம்.