மர்சூக் நானா சீல் குத்திய கடிதம்

"ஹலோ... வஅலைக்கும் ஸலாம். ஆ, மர்சூக் நானா, செல்லுங்க... ஓ, லோயர்ட கடிதம் கெடச்சா? நல்லம்."

வத்தேகம வீட்டுக் குசினியில் ஈரக் கையோடு நின்றபடிதான் ரபீகா போனை எடுத்தாள். மறுமுனையில் கண்டி டவுனில் பெரிய பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் கணக்காளர். அவர் சொல்லைக் கேட்டுத்தான், மவுத்தாகிப்போன தம்பியின் இன்சூரன்ஸ் காசை ஒரு பைனான்ஸ் கம்பனியில் போட்டாள். தம்பி மகள் ரிஸ்னாவைப் படிக்கவைக்க இருந்தது அது ஒன்றுதான். கம்பனி மூடி ஆறு கிழமை. நட்டஈடு கேட்டு லோயர் கோசலா எழுதின பிறகுதான் மனுசனுக்குப் பேச வாய் வந்திருக்கிறது.

"ஓ... ஓ... கேட்டுக்கிட்டு தான் ஈக்கிறேன்... பீஸ் எடுக்கல்ல, சரி... சும்மா பேச்சுக்கு சென்னதா? நானா, நான் ஒங்கட ஆபீஸ்ல, ஒங்களுக்கு முன்னுக்குக் கதிரைல ஈந்து கேட்டது. கலியாண வீட்டு சஹன் தட்டுல சோத்தப் பெசஞ்சிக்கிட்டுக் கேக்கல்ல... பீஸ் எடுக்காட்டியும் ஒண்டுதானாம். தொழில் தெரிஞ்ச ஆள், பாக்காமலே பாத்தேன்னு செல்லி, அத நம்பினவள்ட சல்லி போனா, அவர் தான் பொறுப்பு. கோசலா மிஸ் அப்பிடித்தான் செல்றாங்க."

அந்தப் பக்கம் குரல் ஏறியது. ரபீகா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"எழுத்தா? ஈக்கி. நோம்புல ஸகாத் கணக்குப் பாத்துத் தந்தீங்களே, ஒங்கட லெட்டர்ஹெட்ல. அதுக்கு அடில என்ன எழுதின? கம்பனிய விசாரிச்சுப் பாத்த, சல்லி பத்திரமா ஈக்கி... ஓ, நீங்க தான். சீலும் குத்தி ஈக்கி... அதுக்கு ரெண்டு மாசத்துக்கு முந்தியே புதுசா ஆக்கள்ட சல்லி எடுக்க ஏலாதுன்னு மத்திய வங்கி அந்தக் கம்பனிக்குத் தடை போட்ட. பேப்பர்லயும் வந்த. தவணை முடிஞ்சு எடுக்கப் போன சல்லிய, அந்தக் கடிதத்தப் பாத்துட்டுத் தானே திரும்பப் போட்டேன்? போதாததுக்கு, இல்லாமப் போற சல்லிக்கி ஸகாத்தும் குடுக்க வெச்ச."

"...என்ன? ஒங்கட சல்லியும் அங்கயா ஈந்த? ...ஈந்த? அப்ப எடுத்திட்டீங்களா?"

அவள் போனை மறுபடி காதோடு ஒட்டிப் பிடித்தாள்.

"ஜனவரியிலயா? நோம்புக்கு முந்தியே... ஹஜ்ஜுக்குக் கட்ட... முழுசாவா நானா? எழுவது லட்சமும் ஹஜ்ஜுக்கா?"

இவ்வளவு நாளும் கவனமில்லாத மனுசன் என்றுதான் திட்டிக்கொண்டிருந்தாள். பார்க்காமல் எழுதினவன் என்றாலும் மன்னிக்கலாம். இவன் தன்னுடையதை வழித்து எடுத்துவிட்டு வந்து, தகப்பனில்லாத எத்தீம் பிள்ளையின் காசுக்கு சீல் குத்தியிருக்கிறான்.

"இல்ல, கத்தல்ல நானா. அருவருப்பா ஈக்கி, அவ்வளவு தான்... ஆ, நாளையண்டைக்கா பயணம்? ...மாப்பா?"

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் தெரிந்தவர் எல்லாரிடமும் செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். ரபீகாவும் எத்தனையோ பேருக்கு, மறுபேச்சில்லாமல், மாப்பு என்று சொல்லி துஆ கேட்டு அனுப்பியிருக்கிறாள். இந்த மனுசனும் அந்த வழமைக்குள் புகுந்து தப்பிக்கப் பார்க்கிறார். லோயர் கடிதத்தையும் வாபஸ் வாங்கட்டுமாம், ரெண்டுக்கும் சேர்த்து ஒரே மாப்பு.

"என்னய ஏமாத்தினதுக்கு நான் மாப்புத் தாறதும் தராததும் என்ட விசயம். சல்லி என்டயில்லயே. தம்பி மகள்ட. அவள்ட்டத் தான் கேக்கணும்... ஓ, இங்க தான், மேசைல படிச்சிக்கிட்டு ஈக்கிறா... பச்சப் புள்ள இல்ல, பதினெட்டு முடிஞ்ச... எல்லாம் கேட்டுக்கிட்டு தான் ஈந்தா... ஏன் வேணாம்? கேளுங்க. இந்தா, குடுக்கிறேன்."

ரிஸ்னா பேனையை வைத்துவிட்டு போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"ஹலோ, செல்லுங்க..."

போனின் திரையைப் பார்த்தாள். பிறகு போனை மாமியிடமே நீட்டினாள்.

"வெச்சிட்டார் மாமி."