செம்பருத்திக் கொழகொழப்பு

— மோந்து பாரும்மா. நீ படிச்சவதான, மோந்து பாரு.

— புளிச்ச வாடை அடிக்குதுங்க ஐயா. என்ன இது?

— என்னையவா கேக்குற? போன வருசம் யுனிவர்சிட்டி வேன்ல வந்து எங்க வேலியில செம்பருத்தி எலைய மூட்ட கட்டிக்கிட்டுப் போன மயூரி நீதான? அதே எலையத்தான் எம்மவன் தேவன் காச்சி, பாட்டில்ல அடைச்சி பகாவ் பாசார்ல விக்கிறான். மூக்குச்சளி மாதிரி ஒழுவுது. தலைக்குத் தேய்ச்சிக் குளிக்கிற சனியன். எம்பொண்டாட்டி பஞ்சாலை, இனிப்பு நீர் வியாதிக்கு மருந்துன்னு வேளைக்கு ஒரு தம்ளர் முழுங்குறா.

— அந்தக் கொழகொழப்பத்தான் நாங்க தனியா பிரிச்சி எடுத்தோம். பாலிசாக்கரைடுன்னு பேரு.

— பேரு என்ன எழவோ. பாட்டில்ல போட்டிருக்குறதப் படி.

— "ஆன்டிஆக்சிடன்ட் 92 விழுக்காடு. பல்கலைக்கழக ஆய்வில் நிரூபணம்." இத யாரு போடச் சொன்னது?

— நீதான்லா, கோயில் மண்டபத்துல மைக்கப் புடிச்சி சொன்ன. எல்லாம் கை தட்டுனானுங்க. நூத்துல தொண்ணூத்திரெண்டு பேருக்கு இனிப்பு நீர் கொறையும்னு தோட்டமே நம்பிக்கிட்டு இருக்கு.

— அது நோய்க் கணக்கு இல்லீங்க. குப்பியில ஊதாத் தண்ணி வச்சிருப்போம். இந்தச் சாற ஊத்துனா நெறம் மங்கும். அதுதான் நூத்துக்குத் தொண்ணூத்திரெண்டு பங்கு மங்குச்சி.

— சாயம் வெளுத்த கணக்கா?

— ஒரு மாதிரி... ஆமாங்க.

— தூ. இனிப்பு நீருக்கு?

— அத நாங்க பாக்கவே இல்ல. மனுசருக்குக் குடுத்தே பாக்கல.

— இங்க குடுத்துப் பாத்தாச்சி. கிளினிக் மாத்திரைய நிறுத்திட்டா. கால் பெருவெரலு கருத்துப் போச்சி. கட்டுத் துணியில ஈ மொய்க்குது, நாத்தத்துல எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது. வெரல எடுக்கணும், இன்னைக்கே கூட்டியாங்கன்னு சிரம்பான் ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. வரமாட்டாளாம், மருந்து கேக்குதாம். நீ சொன்னாத்தான் கேப்பா. உள்ள வந்து, இது வெறும் எலைத் தண்ணின்னு சொல்லு, போதும்.

— சொல்றேன். தேவன் எங்க?

— பாசாருக்குப் பேனர் கட்டப் போயிருக்கான். ஆத்தா மூஞ்சியத்தான் பெருசா அடிச்சி வச்சிருக்கான், குடிச்சிக் கொணமானவளாம். செண்டாயான் ஃபேக்டரியில வேலை போனதும் எந்திரிக்காம சுருண்டு கெடந்தான். அதுவே தேவல. ஏ பஞ்சாலை, யாரு வந்திருக்கா பாரு.

— வாம்மா மயூரி. பலகைச் சுவருதான, எல்லாம் கேட்டுச்சி.

— அப்பக் கெளம்புங்கம்மா. அந்தச் சாறு உங்க நோய்க்கு மருந்தே இல்ல. நான் அன்னைக்கே வெவரமா சொல்லியிருக்கணும்.

— மருந்தில்லன்னு வெரலு கருத்தப்பவே தெரியும்மா. நான் வெரல எடுத்துட்டு நொண்டிக்கிட்டு வந்து நின்னா தேவன்கிட்ட எவ வாங்குவா? இந்த மனுசனுக்குத் தெரியாது, சுருண்டு கெடந்தப்ப அவன் தலகாணிக்கு அடியில ஒரு கயிறு இருந்திச்சி. பாட்டில் விக்கத் தொடங்குன பெறகுதான் அவனே அத எடுத்து ஆட்டைக் கட்டியிருக்கான்.