உங்கள் கணினியில் மட்டும் திறக்கும் தமிழ் முகவரி

அவைக்குத் தலைமை தாங்கி, இவள் எப்போது முடிப்பாள் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் தலைவர் அவர்களே! ஊர் பேர் தெரியாத உயிர்களுக்கெல்லாம் உதிரம் தந்த உத்தமர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் ஆயிரம் வேலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! பூங்கொத்தும் புன்சிரிப்புமாக மேடையில் வீற்றிருக்கும், இணையதளம் செய்த தம்பிமார்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நம் குருதிக்கொடைக் குழுவுக்கு முழுக்க முழுக்கத் தமிழ் எழுத்திலேயே இணைய முகவரி அமைத்துத் தந்தார்கள் இந்தத் தம்பிகள். அதற்குத்தான் இந்தப் பாராட்டு விழா. குழுவின் செயலாளர் என்பதால் நான் வாழ்த்துரை வழங்க வேண்டுமாம். அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டார்கள். வாழ்த்த வாய் வரவில்லை ஐயா! வயிறு எரிகிறது!

என்ன தலைவரே, சாடை காட்டுகிறீர்கள்? தண்ணீரா? கொடுங்கள், குடிக்கிறேன். குடித்தாலும் இது அடங்காது.

என் தம்பி மனைவிக்குப் பிரசவம். பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. குழந்தையைத் துடைத்து என் கையில் கொடுத்த செவிலியின் முகம் சட்டென்று மாறியது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும். மருத்துவமனையில் இருந்ததோ ஒரே ஒரு பை. நான் பதறவில்லை, தாய்மார்களே! ஏன் பதற வேண்டும்? நான் யார்? குருதிக்கொடைக் குழுவின் செயலாளர் ஆயிற்றே! "நம்ம தளத்துல ஓ நெகட்டிவ்னு தனிப் பக்கமே இருக்கு சிஸ்டர், அதத் தொறங்க" என்று பெருமையோடு சொன்னேன்.

வார்டில் இருந்த பழைய கணினியில் அந்தச் செவிலி திறந்தாள். முகப்பு வந்தது. ரத்த வகையைத் தொட்டாள். 'பக்கம் இல்லை' என்றது. மறுபடி தொட்டாள். பக்கம் இல்லை. பதினாறு பேர் ரத்தம் தரக் காத்திருக்கும் பக்கம், இல்லையாம்!

இதோ உட்கார்ந்திருக்கிறாரே, தலைமைப் பொறியாளர், இவருக்குத்தான் ஃபோன் போட்டேன். இவர் என்ன சொன்னார் தெரியுமா?

"எனக்கு வருதே மேடம்!"

யாருக்கு வருகிறது? இவருக்கு வருகிறது! இவர் அலுவலகத்தில், இவர் கணினியில், இவர் உலாவியில், இவர் குளுகுளு அறையில் வருகிறது! ரத்தம் இவருக்கா வேண்டும்?

"இருங்க, லிங்க் அனுப்பறேன்" என்று, நம்பரைப் படித்துச் சொல்லுங்கள் என்று நான் கேட்பதற்குள் ஃபோனை வைத்துவிட்டு அனுப்பினார். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. வந்தது ஐயா ஒரு சரம்! சதவீதக் குறி, எழுத்து, எண், சதவீதக் குறி, எழுத்து, எண் என்று அனுமார் வால் மாதிரி நீண்டுகொண்டே போனது. அதில் தமிழ் எங்கே? தேடித்தான் பார்க்க வேண்டும். என் பழைய ஃபோன் அந்தச் சரத்தைப் பாதியில் வெட்டிவிட்டது, தொட்டால் அதே கதைதான். சரி, கூடத்தில் தவித்துக்கொண்டிருந்த என் தம்பியின் ஃபோனிலாவது திறக்குமா என்று அவனுக்குத் தட்டிவிட்டேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். ஓடிப் போய்க் கேட்டேன். "ஏதோ திருட்டு லிங்க் மாதிரி வந்துச்சுக்கா, உன் ஃபோனை எவனோ ஹேக் பண்ணிட்டான்னு அழிச்சுட்டேன்" என்கிறான்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நான் அன்று அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். பிறகு நினைத்துப் பார்த்தேன், அவன் மேல் என்ன தப்பு? புரியாத லிங்க் வந்தால் தொடாதே என்று வங்கிக்காரன் வாரம் தவறாமல் சொல்கிறான். தமிழ் முகவரியைத் திருட்டு முகவரி போல ஆக்கிவிட்டது யார்?

கடைசியில் வார்டு ஆயா வாசலில் போய் நின்று கத்தியதில், அதே ரத்த வகை உள்ள ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். அவள் நன்றாக இருக்கட்டும். என் தம்பி மனைவி பிழைத்தாள். ஆனால் அதற்குள் தாமதமாகிவிட்டது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இனி அவளுக்கு இன்னொரு பிள்ளை கிடையாது.

பிறகு ஒரு புதுக் கணினியில் நம் தளத்தின் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முதல் பெயர் யாருடையது தெரியுமா? மருத்துவமனைக்குப் பின்தெருவில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். மறுநாள் அவரிடம் சொன்னேன். "அடப்பாவமே! நான் கடையில சும்மாதானம்மா உக்காந்திருந்தேன்" என்றார். அதை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்று நானும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முகவரியில் தளத்தின் பெயர் சரியாகப் போய்விடுமாம், அதனால்தான் முகப்பு வந்தது; அதற்கு அடுத்து வரும் பக்கத்தின் பெயரில் தமிழ் எழுத்து அப்படியே போகாது. அந்தச் சதவீதக் குறிகளாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அந்த மாற்றத்தைத் தளம் செய்தவர்களே முறையாகச் செய்து வைத்திருக்க வேண்டும். இவர்கள் என்ன செய்தார்கள்? பக்கத்தைத் திறந்து காட்டும் உலாவியே, அதாவது பிரவுசரே, பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்! புது உலாவி ஒழுங்காக மாற்றியது. பழைய உலாவி தன் இஷ்டத்துக்கு மாற்றியது. அரசு மருத்துவமனையில் புதுக் கணினியா இருக்கும்? ஏழையின் கையில் புது ஃபோனா இருக்கும்?

பின்வரிசையில் யாரோ ஏதோ சொல்கிறீர்கள். உரக்கச் சொல்லுங்கள்! "பேசாம இங்கிலீஷ்ல வச்சிருந்தா இந்த வம்பே இல்லையே"யா? உட்காருங்கள் ஐயா! உங்கள் மேல் இன்னும் கோபம் வருகிறது! வாசல் கதவு சரியாகத் திறக்கவில்லை என்றால் தச்சனைக் கூப்பிடுவீர்களா, வீட்டையே விற்பீர்களா? ஆங்கிலம் தெரியாத ஒரு தாய் தானே தட்டித் தானே திறக்கத்தானே தமிழில் கேட்டோம்! தமிழ் எழுத்தின் மேல் குற்றம் சொல்லாதீர்கள். தமிழ் என்றால் பெயர்ப்பலகை போதும், பின்னால் வேலை செய்ய வேண்டாம் என்று நினைத்தவர்கள் மேல் சொல்லுங்கள்!

குழந்தை பிறந்த அன்று மாலையே இவர்களிடம் சொன்னேன். "பாக்கறோம் மேடம்" என்றார்கள். குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறது. இவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

எல்லோரும் கைப்பேசியை எடுங்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். யாருக்கு வருகிறது?

"வருது!"... சரி. "எனக்கு வரலம்மா!"... "கட்டம் கட்டமா வருது!"... கேட்டீர்களா தலைமைப் பொறியாளரே? ஏன் தலை குனிகிறீர்கள்? எழுந்து இந்த ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். டெஸ்ட் பண்ணினீர்களா, இல்லையா?

"பண்ணோம் மேடம்... எங்க ஆபீஸ்ல."

இதைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

"அது... ஒரு ரெண்டு மணி நேரம் ஆகும் மேடம்."

ரெண்டு மணி நேரம்! கேளுங்கள் தாய்மார்களே, ரெண்டே மணி நேரம்! விழாவுக்கு மேடை போடவே அதைவிட அதிக நேரம் ஆகியிருக்குமே!

கை தட்டாதீர்கள். யாரும் கை தட்டாதீர்கள். தம்பி, அந்தப் பூங்கொத்தைக் கீழே வையுங்கள். மடிக்கணினி கொண்டுவந்திருக்கிறீர்கள் அல்லவா? இந்த மேசையிலேயே உட்காருங்கள். இப்போதே தொடங்குங்கள். அந்த வார்டில் இன்றைக்கும் யாரோ ஒருத்தி பிரசவ வலியில் கிடக்கிறாள். அவள் ரத்த வகை என்னவென்று நமக்குத் தெரியாது.

என் ஏச்சையும் பேச்சையும் பொறுத்துக்கொண்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி. யாரும் எழுந்து போக வேண்டாம். பழைய ஃபோன் வைத்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள், உங்கள் ஃபோனில்தான் முதலில் திறக்க வேண்டும். வணக்கம்.